சாட்டிலைட் ஹாம் பயிற்சிக்கு ரிக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில் எந்தக் கல்லூரியில் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) கிளப் ஆரம்பித்தாலும் எனக்கு ஒரு போட்டோ வந்துவிடும். மேசை மேல் புது ரிக் (ரேடியோப் பெட்டி), சுற்றிச் சிரித்த முகங்கள், கீழே "வாங்கிட்டோம் சார்". வாங்குவதற்கு முன்னால் கேட்பவர்கள்தான் குறைவு. ஆன்டெனா மாட்டாமல் பிடிடியை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்தாதே என்பதை எல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

டூயல் பேண்ட் வேறு, ஃபுல் டூப்ளெக்ஸ் வேறு

அதிகப் பணம் வீணாவது இதில்தான், எனக்கு இன்னும் எரிச்சல் தீராததும் இதில்தான். ஐஎஸ்எஸ்ஸில் (சர்வதேச விண்வெளி நிலையத்தில்) இருக்கும் ரிப்பீட்டருக்கு, அதாவது கேட்டதைத் திருப்பி அனுப்பும் ரேடியோவுக்கு, அதைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறோம், அது 437.800-ல் திருப்பி அனுப்புகிறது. நாம் பேசும்போதே நம் குரல் மேலே போய்க் கீழே வருவது காதில் விழ வேண்டும். அதுதான் ஃபுல் டூப்ளெக்ஸ். கடையில் டூயல் பேண்ட் ரிக்கின் (இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் வேலை செய்வது) டிஸ்ப்ளேயைக் காட்டி "ரெண்டு பேண்டும் ஒரே நேரத்துல ஓடும் சார்" என்பார்கள். பொய் இல்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும். பிடிடியை அழுத்தின அடுத்த நொடி ஸ்பீக்கர் ஊமையாகிவிடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் துறைக்கு வந்த நிதி மொத்தத்தையும் ஒரு 50 வாட் மொபைல் ரிக்கிலும் பவர் சப்ளையிலும் போட்டுவிட்டார்கள். மொட்டை மாடியில் ஐஎஸ்எஸ் பாஸ், அதாவது அது நம் வானத்தைக் கடந்துபோகும் நேரம். பாஸே பத்து நிமிஷம்தான். பையன் கால்சைன் (தன் அடையாளக் குறி) சொல்லி அழைக்கிறான், பிடிடியை விட்டால் யாரோ பாதி வாக்கியத்தில் இருக்கிறார்கள், மறுபடி அழுத்துகிறான். கூட இருந்த மாணவி லேப்டாப்பில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (கேட்க மட்டும் முடியும் சிறு ரிசீவர்) செருகிப் பதிவு செய்திருந்தாள். பிறகு போட்டுக் கேட்டால், ஒருவர் சிக்னல் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் இவன் குரல் கணீரென்று ஏறி அவரை மூடிவிடுகிறது, திரும்பத் திரும்ப. எஃப்எம் சாட்டிலைட்டில் ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் இடம், வலுவான சிக்னல்தான் ஜெயிக்கும். கையில் 5 வாட் ஹேண்டியோடு (கையடக்க ரேடியோவோடு) நிற்கிறவர் 50 வாட்டுக்கு எதிரே என்ன செய்வார்? பையனைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை, அவனுக்குக் கேட்கவே இல்லையே.

அந்தப் பணத்தில் பாதிகூட வேண்டாம். அனுப்ப ஒரு சாதாரண 5 வாட் ஹேண்டி, கேட்க இன்னொரு ஹேண்டியோ ஆர்டிஎல்-எஸ்டிஆரோ, அவ்வளவுதான். பயிற்சிக்கு இது இன்னும் நல்லது: ஒருவர் யாகியை (ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் ஆன்டெனாவை) பிடிப்பார், ஒருவர் பேசுவார், ஒருவர் டாப்ளர் (சாட்டிலைட்டின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) திருத்துவார், யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். எஸ்டிஆரில் குரல் கொஞ்சம் தாமதமாக வரும், பேசுகிறவருக்கு நாக்கு குழறும், அதனால் பேசுகிறவர் காதுக்கு ஹேண்டியைக் கொடுத்துவிட்டு எஸ்டிஆரைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் கட்டாயம், இல்லையென்றால் ஊளையிடும்.

ஒரே பெட்டியில்தான் வேண்டும் என்றால் ஐகாம் 9700 இருக்கிறது, ஆனால் அந்த விலை புது கிளப்புக்குத் தேவையில்லை. கென்வுட் டிஎச்-டி72 ஃபுல் டூப்ளெக்ஸ் ஹேண்டி, உற்பத்தி நின்றுவிட்டது, இனி செகண்ட் ஹேண்டில்தான். அதற்குப் பிறகு வந்த டி74-ல் அந்த வசதி கிடையாது. புது மாடலில் எல்லாம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள், கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

இரண்டு ரேடியோ வாங்கியும் கேட்கவில்லையா

145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970. கேட்க வேண்டியதோ 437.800. உங்கள் ஹேண்டியின் மூன்றாம் ஹார்மோனிக் (அனுப்பும் அலைவரிசையின் மூன்று மடங்கில் கசியும் சிக்னல்) ரிசீவருக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து அதைச் செவிடாக்கும். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு பலவீனமான சாட்டிலைட் சிக்னலைக் கேட்டுக்கொண்டே அப்லிங்க் (மேலே அனுப்பும்) ஹேண்டியில் பிடிடியை அழுத்துங்கள். சிக்னல் அமுங்கினால் நல்ல டிப்ளெக்ஸர் (இரண்டு பேண்டையும் பிரிக்கும் ஃபில்டர்) போடுங்கள், பவரைக் குறையுங்கள், யாகியின் பூமில் (நடுத் தண்டில்) இரண்டு பேண்டின் எலிமென்ட்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மாட்டுங்கள்.

ரப்பர் ஆன்டெனா

எஸ்ஓ-50 என்ற ஹாம் சாட்டிலைட் கால் வாட்டில்தான் அனுப்புகிறது, ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவை நம்பாதீர்கள். யாகி கட்டுங்கள். பிவிசி பைப்பும் அலுமினியக் கம்பியும் போதும். சாட்டிலைட் சுழலுவதால் சிக்னல் மங்கும்போது மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், இதைக் கையில் பிடித்தவர்தான் கற்றுக்கொள்வார். முதல் பயிற்சிக்கே மோட்டார் ரோட்டேட்டர் வாங்காதீர்கள்.

மெல்லிசு கேபிள்

ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளில் 10 மீட்டர் இழுத்தால் 435 மெகாஹெர்ட்ஸில் சிக்னலில் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். ப்ரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்தால் ஆன்டெனா பக்கம் வையுங்கள். ரிக் பக்கம் வைத்தால் கேபிளில் தொலைந்தது திரும்பி வராது. நாகப்பட்டினம், வேதாரண்யம் ஆட்களுக்கு: உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும், சீல் செய்யுங்கள்.

டாப்ளரை மறப்பது

ஒரே அலைவரிசையில் நின்றுவிடாதீர்கள். ஐஎஸ்எஸ்ஸைக் கேட்க 437.810-ல் ஆரம்பித்து 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாக 437.790 வரை மெமரியில் போட்டு வையுங்கள். நாம் அனுப்பும் 145-ல் மாற்றம் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்எம்முக்குத் தொட வேண்டாம்.

லைசன்ஸ் இல்லாதவர் கையில் பிடிடி

வேண்டாம்.

எடுத்த எடுப்பில் கியூஓ-100

26 டிகிரி கிழக்கில் நகராமல் நிற்கும் சாட்டிலைட், நாள் முழுக்கக் கிடைக்கும், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பி 10 கிகாஹெர்ட்ஸில் கேட்கும் செட்டப் அது. பாஸைத் துரத்தும் பயிற்சியும் அதில் கிடைக்காது. நான் சொன்னால் இரண்டாம் வருஷம்தான் வாங்கச் சொல்வேன். நம் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட நேர் மேற்கே, சுமார் 28 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்டாவில் அந்தத் திசையில் தென்னை இல்லாத மாடி அபூர்வம், டிஷ் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஏறிப் பார்த்துவிடுங்கள்.