ஹோம் டைரக்டரி தானாக உருவாகும்போது நேரும் தவறுகள்

பயனர் கணக்குகளைப் பதிந்துவைக்கும் எல்டாப்பிலோ ஆக்டிவ் டைரக்டரியிலோ ஒரு பயனருக்குக் கணக்குத் திறப்பது ஒரு வேலை. ஃபைல் சர்வரில் அவருக்கென ஹோம் டைரக்டரி, அதாவது அவருடைய சொந்தக் கோப்புகளுக்கான இடம், அமைப்பது வேறொரு வேலை. இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணத்திலிருந்தே பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன. ஆக்டிவ் டைரக்டரியின் நிர்வாகச் சாளரத்தில் பயனரின் ஹோம் ஃபோல்டருக்கான பாதையைக் கையால் நிரப்பினால், அந்தச் சாளரமே சர்வரில் ஃபோல்டரை உருவாக்கி உரிமையையும் கொடுத்துவிடுகிறது. அதே பாதையை பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) வழியாக எழுதினால் பாதை மட்டுமே பதிவாகும், ஃபோல்டர் உருவாகாது. பத்துக் கணக்குகளைக் கையால் திறந்து பழகியவர், முந்நூறு கணக்குகளை ஸ்கிரிப்ட்டில் திறந்த மறுநாள் காலையில்தான் இந்த வேறுபாட்டை அறிகிறார்.

லினக்ஸ் பக்கம் வந்தால், முதலில் தீர்மானிக்க வேண்டியது டைரக்டரியை யார் உருவாக்குவது என்பதுதான். பலரும் ஒவ்வொரு மேசைக் கணினியிலும் முதல் லாகினில் டைரக்டரியை உருவாக்கும் பாம்_எம்கேஹோம்டிர் என்ற மாட்யூலை (லாகினைக் கையாளும் பாம் அமைப்பின் துணை நிரல்) இயக்கிவிடுகிறார்கள். டைரக்டரி அந்தக் கணினியின் சொந்த வட்டில் இருந்தால் அது சரியான வழி. என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறை வழியாக சர்வரிலிருந்து மவுன்ட் ஆன (இணைக்கப்பட்ட) இடத்தில் அது பெரும்பாலும் தோற்றுப்போகும். ஏனெனில் மாட்யூல் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியாக, இயங்குகிறது, சர்வரோ ரூட் ஸ்குவாஷ் என்ற இயல்பு அமைப்பின்படி வெளியிலிருந்து வரும் ரூட்டை உரிமையற்ற பயனராக மாற்றிவிடுகிறது. டிக்கெட் மூலம் அடையாளத்தை உறுதிசெய்யும் கெர்பரோஸைப் பயன்படுத்தும் என்எஃப்எஸ்ஸிலும் இதே தடை வரலாம். பயனருக்கு டிக்கெட் இருக்கும், டைரக்டரியை உருவாக்க வேண்டிய ரூட்டிடம் இருக்காது.

இந்தத் தடையைக் கண்டதும் ரூட் ஸ்குவாஷையே அணைத்துவிடுவதுதான் நான் பார்த்தவற்றுள் மிக ஆபத்தான தவறு. அதன்பின் ஏதேனும் ஒரு மேசைக் கணினியில் ரூட் உரிமை பெற்றவர், பகிரப்பட்ட வட்டு முழுவதற்கும் ரூட்டாகிவிடுகிறார். எல்லோருடைய கோப்புகளையும் அழிக்கலாம், யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் செட்யூஐடி நிரலை அங்கே வைத்து வேறு கணினிகளிலும் ரூட்டாக முயலலாம். தாய் டைரக்டரிக்கு 0777 (யாரும் எழுதலாம்) அனுமதி கொடுப்பது இரண்டாவது குறுக்குவழி. அதிலும் பயன் இல்லை, ஏனெனில் டைரக்டரி உருவானாலும் அதன் உரிமையாளரைப் பயனராக மாற்றும் அதிகாரம் அந்த உரிமையற்ற பயனருக்குக் கிடையாது. மேலும், இன்னும் லாகின் செய்யாத ஒருவரின் பெயரில் வேறொருவர் முன்கூட்டியே டைரக்டரி அமைத்துவிட முடியும். ஆகவே டைரக்டரியை ஃபைல் சர்வரிலேயே, சர்வரின் சொந்த ரூட் உரிமையில், கணக்குத் திறக்கும் வேலையின் ஒரு பகுதியாக உருவாக்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பயனர் முதன்முறை லாகின் செய்யும் நொடியை நம்பியிருக்கத் தேவையில்லை.

உள்ளூர் வட்டுக்கு பாம் வழியையே வைத்துக்கொள்பவர்கள், ரெட் ஹேட் லினக்ஸ் குடும்பத்தில் ஆட்ஜாப் என்ற பின்னணிச் சேவை வழியாக இயங்கும் மாட்யூலைப் பயன்படுத்த வேண்டும். எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் லேபிள்கள் சரியாக அமைவதற்கு அதுவே உதவும். மாட்யூலை அமைத்துவிட்டு ஆட்ஜாப் சேவையைத் தொடங்க மறப்பது அடிக்கடி நடக்கிறது.

லினக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் சம்பாவில், அமைப்புக் கோப்பில் "ஹோம்ஸ்" என்ற பகுதியை எழுதிவிட்டாலே டைரக்டரிகள் தோன்றிவிடும் என்று நினைப்பதும் பரவலான தவறு. அந்தப் பகுதி, ஏற்கனவே இருக்கும் டைரக்டரியைப் பயனரின் பெயரில் பகிர்கிறது, எதையும் உருவாக்குவதில்லை. பாம் அமைப்பில் மாட்யூல் இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள், பாம் கட்டுப்பாடுகளை மதிக்கச் சொல்லும் தேர்வு சம்பாவில் இயல்பாக அணைந்திருப்பதைக் கவனிப்பதில்லை. அதைவிட, இணைப்புக்கு முன் ரூட்டாக ஸ்கிரிப்ட்டை ஓட்டும் "ரூட் ப்ரீஎக்ஸெக்" அமைப்பு கைக்கு எளிது. ஆனால் ஸ்கிரிப்ட் தோற்றால் இணைப்பையும் மூடச் சொல்லும் துணை அமைப்பைச் சேர்க்காவிட்டால், தோல்வி பயனரின் திரையில் வேறேதோ ஒரு பிழையாகத் தோன்றி, தேடுபவரைத் திசை திருப்பும்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் பராமரித்த ஒரு சர்வரில், டைரக்டரி இல்லையென்றால் உருவாக்கு என்று மூன்று வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஒருநாள் அதிகாலை சர்வர் மறுதொடக்கம் ஆனது. எந்த வட்டை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் "நோஃபெயில்" என்று எழுதியிருந்ததால், தரவு வட்டு மவுன்ட் ஆகாமலே சர்வர் எழுந்து நின்றது. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. மவுன்ட் ஆக வேண்டிய வெற்று டைரக்டரிக்குள் பார்த்தது, யாருடைய டைரக்டரியும் இல்லை, லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்றைச் சிஸ்டம் வட்டிலேயே உருவாக்கித் தந்தது. பயனர்கள் தங்கள் பல ஆண்டுக் கோப்புகள் காணாமல் போனதாக அஞ்சினார்கள். சிலர் அந்த வெற்று இடத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நண்பகலில் வட்டை மவுன்ட் செய்ததும் பழைய கோப்புகள் திரும்பின, காலையில் எழுதியவை மறைந்தன. அவை அழியவில்லை, மவுன்ட்டுக்கு அடியில் இருந்தன. சிஸ்டம் வட்டின் ரூட் கோப்பு முறைமையை வேறோர் இடத்தில் பைண்ட் மவுன்ட் செய்து (இரண்டாவது பாதையிலும் தெரியச் செய்து), அதன் வழியே அந்த டைரக்டரிகளைக் கண்டெடுத்து, ஒவ்வொருவருக்கும் கோப்புகளைத் தனித்தனியாகச் சேர்ப்பதற்குள் மாலையாகிவிட்டது.

அன்றிலிருந்து மூன்று காப்புகளை வைத்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே "மவுன்ட்பாயின்ட்" கட்டளையால், வட்டு உண்மையில் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று சோதித்து, இல்லையெனில் பிழையுடன் வெளியேறுகிறேன். வட்டு மவுன்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று டைரக்டரிக்கு "சிஎச்ஏடிடிஆர்" கட்டளையால் மாற்ற முடியாத தன்மையைக் கொடுத்துவிடுகிறேன். அப்போது ரூட்டாலும் அதற்குள் எதையும் உருவாக்க முடியாது, மேலே மவுன்ட் செய்வதற்கோ தடை இல்லை. மூன்றாவதாக, ஹோம் டைரக்டரிகளை வட்டின் உச்சியில் வைக்காமல் அதற்குள் ஓர் உள் டைரக்டரியில் வைத்து, டைரக்டரியை உருவாக்கும் எம்கேடிர் கட்டளையை "-பி" தேர்வு இல்லாமல் பயன்படுத்துகிறேன். வட்டு இல்லாதபோது தாய் டைரக்டரியும் இருக்காது, கட்டளை தானே தோற்கும். "-பி" போட்டால் பாதையில் விட்டுப்போன எல்லாவற்றையும் அது சத்தமின்றி உருவாக்கிவிடும். நமக்கு வேண்டிய எச்சரிக்கை அங்கேதான் தொலைகிறது.

எம்கேடிர் பற்றிய இன்னொரு கவனம்: டைரக்டரி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு உருவாக்குவதற்கு இடையில் அதே பயனரின் இன்னொரு லாகின் நுழைந்துவிடலாம். அப்போது ஸ்கெல் கோப்புகள் (ஒவ்வொரு புதிய டைரக்டரியிலும் வைக்கப்படும் தொடக்கக் கோப்புகள்) பாதி நகலான நிலையில் இரண்டாவது லாகின் வேலையைத் தொடங்கிவிடும். தற்காலிகப் பெயரில் டைரக்டரியை அமைத்து, ஸ்கெல் கோப்புகளை நகலெடுத்து, உரிமையாளரையும் அனுமதியையும் மாற்றி முடித்தபின், அதே கோப்பு முறைமைக்குள் இறுதிப் பெயருக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் எழாது. தொடக்கத்திலிருந்தே 0700 (உரிமையாளருக்கு மட்டும்) அனுமதியுடன் உருவாக்குவது நல்லது. மாட்யூலின் தேர்விலோ லாகின்.டெஃப்ஸ் கோப்பிலோ தனியாக எதுவும் சொல்லாவிட்டால் பாம்_எம்கேஹோம்டிர் 0022 என்ற யூமாஸ்க்கை (புதிதாக உருவாவதற்கு எந்த அனுமதிகளைத் தரக்கூடாது என்று சொல்லும் எண்) கொள்கிறது. விளைவு 0755, அதாவது மற்றவர்களும் உள்ளே பார்க்கலாம். உபுண்டு தன் உள்ளூர்ப் பயனர்களுக்கு 21.04 பதிப்பில்தான், மற்றவர்களை உள்ளே விடாத 0750க்கு மாறியது. ஒவ்வொரு லாகினிலும் டைரக்டரி முழுவதற்கும் உரிமையாளரை மீண்டும் மாற்றும் ஸ்கிரிப்ட்களையும் பார்த்திருக்கிறேன். பெரிய டைரக்டரிகளில் லாகின் நிமிடக்கணக்கில் நீளும், வேண்டுமென்றே வேறு உரிமையாளருக்கு விடப்பட்ட கோப்புகளும் கலைந்துபோகும்.

டைரக்டரியின் உரிமையாளர் ஒரு பெயர் அல்ல, ஓர் எண். ஆக்டிவ் டைரக்டரிப் பயனர்களை லினக்ஸுக்கு அறிமுகப்படுத்தும் வின்பைண்ட், எஸ்எஸ்எஸ்டி என்ற இரு சேவைகளில், வின்பைண்ட்டின் டிடிபி முறை வந்த வரிசைப்படி எண்களை ஒதுக்குவதால் ஒரே பயனருக்குக் கணினிக்குக் கணினி வேறு எண் கிடைக்கலாம். எஸ்எஸ்எஸ்டி, பயனரின் எஸ்ஐடியிலிருந்து (விண்டோஸ் டொமைன் அவருக்குத் தரும் அடையாள எண்) கணக்கிட்டு எண்ணைப் பெறுகிறது. சர்வரில் ஒன்றும் மேசைக் கணினிகளில் மற்றொன்றும் இயல்பு அமைப்பிலேயே ஓடினால், டைரக்டரி சரியாக உருவாகியும் பயனரால் நுழைய முடியாது. அனுமதிகளை மாற்றிப் பார்ப்பதற்கு முன், இரு பக்கமும் "ஐடி" கட்டளையை அதே பயனர் பெயருடன் ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை. விண்டோஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, லினக்ஸ் கோப்பு முறைமையில் வேறு. ஸ்கிரிப்ட்டில் பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றாவிட்டால் ஒருவருக்கே இரண்டு டைரக்டரிகள் உருவாகும்.

பலர் கடைசியாக நினைப்பது வெளியேறியவர்களின் டைரக்டரியை. கணக்கை நீக்கி டைரக்டரியை அப்படியே விட்டால், பிற்காலத்தில் அதே பெயரில் ஒருவர் சேரும்போது "ஏற்கனவே இருக்கிறது" என்று ஸ்கிரிப்ட் கடந்துபோகும், முந்தையவருடைய பாதையே புதியவருக்கு வந்து சேரும். எண்ணும் மறுபடி ஒதுக்கப்பட்டிருந்தால் உள்ளே இருக்கும் கடிதங்களும் ஆவணங்களும் புதியவருடையவை ஆகிவிடும். எனவே கணக்கை நீக்கும் ஸ்கிரிப்ட்டே டைரக்டரியை வேறிடத்துக்கு நகர்த்தி, ரூட்டின் உரிமையில், நீக்கிய தேதியுடன் பெயரிட்டு வைக்க வேண்டும். டைரக்டரி ஏற்கனவே இருந்து, அதன் உரிமையாளர் எண் புதிய பயனரின் எண்ணோடு பொருந்தாவிட்டால், உருவாக்கும் ஸ்கிரிப்ட் எதையும் திருத்தாமல் நின்று நிர்வாகிக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.