பாமினியில் அடித்த டியூட்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தடையாகும் மேல்மாடி வகுப்பு, ஒடுங்கிய கதவு எல்லாம் எவர் கண்ணுக்கும் தெரியும், அவற்றை விடுவோம். கொழும்புப் பாடசாலைகளுக்குப் புதிதாக வரும் ரீச்சர்மார் வருடா வருடம் திரும்பச் செய்யும் பிழைகள் வேறு.

பாமினி

பார்வையில்லாத மாணவருக்கு "சொஃப்ட் கொப்பி அனுப்பிவிட்டேன்" என்பார்கள். திரையில் அழகான தமிழ்தான். ஆனால் பாமினி எழுத்துரு வெறும் முகமூடி. கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்ற சொல் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என்விடிஏ போன்ற, திரையில் உள்ளதை உரத்து வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். பரீட்சைக்கு முதல்நாள் இரவு வட்ஸ்அப்பில் வந்த டியூட் (பாடக்குறிப்பு) இப்படி இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? வீட்டில் யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

எரிச்சல் என்னவென்றால், இதற்குச் சாக்கே இல்லை. விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்பார்கள். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் அதே பாமினி விசைகளாலேயே, கோப்புக்குள்ளும் தமிழாகவே இருக்கும் யுனிகோடில் அடிக்கலாம்.

சந்தேகமென்றால் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கிலக் கிறுக்கல் வந்தால் பாமினி. பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் போடும்போது முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள்.

ஃபோனில் படம் பிடித்த பீடிஎஃப்பும் உதவாது. அது வெறும் படம். யுனிகோடில் அடித்த பீடிஎஃப்பில்கூட கொம்பு எழுத்துகள் அடிக்கடி இடம்மாறும். வேர்ட் கோப்பையே கொடுங்கள். தலைப்பைத் தடிப்பாக்கி விட்டுவிடாமல் ஹெடிங் ஸ்டைல் போட்டால், பிள்ளை தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வரைபடத்துக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள்.

"இதிலிருந்து இதைக் கழித்தால்"

பலகையைக் காட்டி இப்படிச் சொன்னால், பார்வையில்லாத பிள்ளைக்கு எதிலிருந்து எதை என்று எப்படித் தெரியும்? "இருபத்துநான்கிலிருந்து ஒன்பதை" என்று வாயால் சொல்லுங்கள்.

ஃபேனுக்குக் கீழே செவிப்புலன் கருவி

கருவி போட்ட பிள்ளையை முன்வரிசையில் இருத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். தலைக்கு மேல் ஃபேன், பக்கத்தில் வாகனம் ஓயாத காலி வீதிப் பக்க யன்னல் என்றால் கருவி அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். இடத்தை மாற்றுங்கள். பலகையைப் பார்த்தபடி பேசினால் உதடு தெரியாது. எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். யன்னலுக்கு முன்னால் நின்றாலும் முகம் இருண்டுவிடும்.

ஒரு மீட்டர் பலகை

படிகளின் மேல் சாய்தளமென்று ஒரு மீட்டர் பலகையைப் போடுவது, சாய்தளம் இல்லாததைவிட மோசம். 15 செ.மீ. படி இரண்டு என்றால் உயரம் 30 செ.மீ.; 1:12 கணக்கில், அதாவது உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு, நீளம் 3.6 மீட்டர் வேண்டும். குறைத்தால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழலாம்.

பச்சைப் பலகையில் சிவப்புச் சோக்

வேண்டாம். நிறக்குருடுள்ள பிள்ளைக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மேலதிக நேரம்

மேலதிக நேரமும் விடை எழுதித் தர ஒருவரும் வேண்டிய பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்க, சாதாரண தரப் பரீட்சை வரும்வரை பொறுத்திருக்காதீர்கள். இன்னொருவர் எழுத, விடையைச் சொல்லிக்கொண்டு போவது தனிப் பழக்கம். எங்கே நிறுத்துவது, கணக்கில் அடைப்புக்குறியை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் தரம் 6 தவணைப் பரீட்சையிலேயே பழக வேண்டியவை. எழுதுபவரும் கூடவே பழக வேண்டும்.