பாட்டு முழங்காலுக்குக் கீழே இருந்து கேட்கிறதா? புது ஸ்பீக்கர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

வண்டியை நிறுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கானா பாட்டைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். பாடுகிறவர் எங்கே நிற்கிறார்? டாஷ்போர்டுக்கு மேலே, நடுவில், கண் மட்டத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் குரல் வலது முழங்கால் பக்கத்தில் இருந்துதான் வரும். உடனே ஸ்பீக்கரை மாற்றிவிடலாம் என்று பர்மா பஜார் பக்கம் கிளம்பிவிடாதீர்கள், ஏனென்றால் இதில் முக்கால்வாசி கோளாறு ஸ்பீக்கர் இருக்கும் இடத்தாலும் ஒலி காதுக்கு வந்து சேரும் நேரத்தாலும் வருவது.

முதலில் வயரிங். ஒரு பக்கத்து ஊஃபரில் (கனத்த தாழ்ந்த ஒலியான பேஸைத் தரும், கதவில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்) பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் மெலிந்துபோகும், குரலும் நடுவில் நிற்காமல் கலைந்துபோகும். வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் அப்படியே முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள். உப்புக்காற்று சும்மா விடாது.

அடுத்தது கதவு. இதில் செலவு செய்யும் காசு வீண் போகாது. கோனுக்கு முன்னால் கிளம்பும் ஒலியும் பின்னால் கிளம்பும் ஒலியும் கதவில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியே சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், பேஸ் காணாமல் போகும். வெளித்தகட்டின் உட்பக்கம் அதிர்வை அடக்கும் ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள்தகட்டு ஓட்டைகளையும் மூடுங்கள். ஆனால் கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் தொடவே கூடாது, மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கத்தான் செய்யும், அது வெளியே போக வேறு வழியில்லை. ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) செய்து தருவார்கள். ஈரம் பட்டால் அது ஊதிவிடும், பிளாஸ்டிக் வளையமே கேளுங்கள்.

மேடையின், அதாவது பாடுகிறவர் நிற்பதாகக் காதுக்குத் தெரியும் இடத்தின், உயரத்தை முடிவு செய்வது ட்வீட்டர், கீச்சென்ற உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர். கதவின் கீழ்ப்பகுதியில் இருந்தால் குரலும் அங்கேயே கிடக்கும். சைடு மிரர் முக்கோணம், டாஷ்போர்டு ஓரம், முன் கண்ணாடி ஓரத்துத் தூணான ஏ பில்லர் மூன்றுமே நல்ல இடங்கள். பில்லரில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள், விபத்தில் அது விரியும்போது ட்வீட்டர் முகத்தில் வந்து அடிக்கும். டிரில் போட அவசரமே வேண்டாம். இரண்டு பக்கப் பசை டேப்பில் ஒட்டி நாலு நாள் கேளுங்கள். நேராக உங்கள் காதைப் பார்க்காமல் இரண்டு சீட்டுக்கும் நடுவே, கூரை விளக்கைப் பார்த்தபடி இருந்தால், பக்கத்தில் இருக்கும் வலது ட்வீட்டர் காதைக் குத்தாது. எந்த ஒலி ஊஃபருக்கு, எந்த ஒலி ட்வீட்டருக்கு என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 3,000 முதல் 3,500 ஹெர்ட்ஸில் வையுங்கள். கம்பெனி சொன்னதற்குக் கீழே இறக்கினால் ட்வீட்டர் எரிந்துவிடும்.

அப்புறம் டைம் அலைன்மென்ட், அதாவது எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரும்படி செய்வது. நம்ம வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், அதனால் வலது ஸ்பீக்கர் ஒலி முதலில் வந்து குரலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அளவு டேப் எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரில் இருந்தும் உங்கள் தலை இருக்கும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். சென்னை வெக்கையில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 35 செ.மீ. போகும். வலது ஊஃபர் 90 செ.மீ., இடது 125 செ.மீ. என்றால் வலதுக்கு 1 மில்லி செகண்ட் தாமதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ட்வீட்டர்களுக்கும் இதே மாதிரி. டிக்கியில் சப்வூஃபர் (ரொம்பத் தாழ்ந்த பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்) இருந்தால் அதுதான் எல்லாவற்றையும் விடத் தூரம், அதற்குத் தாமதம் பூஜ்யம், மற்றவை அதற்கு ஏற்பக் காத்திருக்கட்டும். முடித்துவிட்டு அதே கானா பாட்டைக் கேட்டுக்கொண்டே 0.1 மில்லி செகண்ட் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், குரல் டாஷ்போர்டு நடுவில் வந்து நிற்கும் இடம் தெளிவாகத் தெரியும். தாமதம் கொடுக்கும் வசதி இல்லாத ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) என்றால் பேலன்ஸைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளலாம், பாதிப் பலன்தான் கிடைக்கும்.

பேஸ் டிக்கியில் இருந்து வருவது தெரிந்தால் சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போக விடாதீர்கள், கதவு ஊஃபருக்கு 80க்குக் கீழே கொடுக்காதீர்கள். சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, எதில் பேஸ் கனமாக முன்னால் இருந்து வருகிறதோ அதை வையுங்கள். பின் ஸ்பீக்கரை, முன் பின் ஒலி அளவைப் பிரிக்கும் ஃபேடரில் நன்றாகக் குறைத்துவிடுங்கள், அது மேடையைப் பின்னால்தான் இழுக்கும்.

டியூனிங் ராத்திரியில், உள் தெருவில் செய்யுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகிற சத்தத்தில் பேஸ் அளவு தப்பாகத்தான் படும். ஆனால் ஓட்டும்போது ரோடு சத்தம் பேஸைத் தின்றுவிடும், அதற்குச் சப்வூஃபரை மட்டும் ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். டிரைவருக்கு மட்டும் சரிசெய்த இந்த செட்டிங் பக்கத்து சீட்டில் கோணலாகக் கேட்கும், அதனால் குடும்பத்தோடு போகும்போது போட, தாமதம் எதுவும் இல்லாத இன்னொரு ப்ரீசெட்டையும் சேமித்து வையுங்கள்.