பின்னறைக்கு இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட்

சிராங்கூன் சாலைக் கடைவீட்டு அலுவலகம். முன்னறை ரூட்டரின் சிக்னல் தடித்த செங்கல் சுவரைத் தாண்டவில்லை. பழைய ரூட்டர் ஒன்றையே ஆக்சஸ் பாயின்ட் (அதே நெட்வொர்க்கின் வைஃபையை இன்னோர் இடத்திலும் தரும் கருவி) ஆக்கினேன். முதலில் முன்னறை ரூட்டரிலிருந்து வந்த கேபிளை அதன் வான் (WAN, இணைய இணைப்புக்கான) போர்ட்டில் செருகியதுதான் தவறு: பின்னறை தனி நெட்வொர்க்காகப் பிரிந்து, முன்னறைப் பிரிண்டர் அங்கே தென்படவே இல்லை.

கேபிளைச் செருகுமுன் பழைய ரூட்டரின் ஐபி முகவரியை 192.168.1.2 என மாற்றி (முதன்மை ரூட்டர் 192.168.1.1, அது மற்றக் கருவிகளுக்குப் பங்கிடுவது கடைசி எண் 100 முதல் 200 வரையுள்ள முகவரிகள்), அதில் டிஎச்சிபியை (முகவரிகளைத் தானாகப் பங்கிடும் வசதி) அணைத்துவிட வேண்டும். பிறகு கேட் 6 கேபிள், லான் (LAN, உள் நெட்வொர்க்குக்கான) போர்ட்டிலிருந்து லான் போர்ட்டுக்கு. வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை இரண்டிலும் ஒன்றே. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 11. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

அப்படியும் பின்னறையில் கைப்பேசி முன்னறைச் சிக்னலை விடாமல் பிடித்திருந்தால், முன்னறை ரூட்டரின் 2.4 சிக்னல் வலிமையைக் குறையுங்கள். பலர் அதைக் கூட்டத்தான் பார்க்கிறார்கள்.