பொறி பறக்கிறது, தீ பிடிக்கவில்லையா?

போன மார்கழியில் தாராபுரம் பக்கம், அமராவதிக் கரையில் நாலு பையன்கள் தீ மூட்ட ஃபெர்ரோ ராடை, அதாவது சுரண்டினால் தானே எரிந்து பொறியாகப் பறக்கும் உலோகக் குச்சியை, உரசிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் முன்பு நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். ராடின் கறுப்புப் பூச்சைச் சுரண்ட வேண்டும் என்பது போன்றவை இரண்டு உரசலில் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாரைப் பிரிக்காமல் உரசுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதைப் பார்த்தால்தான். தேங்காய் மட்டையிலிருந்து ஒரு பிடி நாரை உருவி, அப்படியே வைத்து உரசுகிறார்கள். பொறியின் சூடு சுமார் 3000 டிகிரி செல்சியஸ். ஆனால் இமைப்பதற்குள் அணைந்துவிடும். அதற்குள் பற்றிக்கொள்ள மயிரிழை போன்ற நார் வேண்டும். தடித்த நார் சூட்டை விழுங்கிவிட்டுச் சும்மா கிடக்கும். பழி ராடு மேல் விழும்.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு விடியற்காலை, பனியில் நனைந்த மட்டையோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். புது ராடில் பள்ளம் விழுந்தது, பெருவிரல் கொப்பளித்தது. அம்மாவைப் பெற்ற அப்புச்சி வந்து பார்த்தார். "பஞ்சாட்டம் பிரிச்சு வெச்சாத்தான் சாமி பத்தும்." தோட்டத்துக் குடிசையான சாளையின் இறவாணத்தில் செருகியிருந்த காய்ந்த மட்டையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். உதிர்ந்த தூளையும் விடவில்லை. நாரைக் குருவிக்கூடு போலச் சுருட்டி, தூளை நடுவில் வைத்தார். மூன்றாவது உரசலில் புகைந்தது. மெல்ல ஊதினார், பிடித்துக்கொண்டது.

இலவம்பஞ்சு இருந்தால் ஒரு சிட்டிகை நடுவில் வையுங்கள். அது சட்டென்று எரிந்து தீர்ந்துவிடும். அதனால் சோளத்தட்டுத் தோகையும் சுள்ளியும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்டிரைக்கரைத் தள்ளுவது

நார் கலைந்துவிடும். ராடைச் சுரண்டும் தகடான ஸ்டிரைக்கரை அசையாமல் பிடித்து, ராடைப் பின்னுக்கு இழுங்கள்.

கத்தியின் கூர்ப்பக்கம்

வேண்டவே வேண்டாம். முதுகுப்பக்கம் போதும், அதன் விளிம்பு மழுங்காமல் இருந்தால்.

சக்கிமுக்கியும் ஃபெர்ரோவும் ஒன்றென்று நினைப்பது

காட்டில் கிடக்கும் வெங்கச்சாங்கல்லை (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) வைத்து இரும்பில் தட்டும்போது பறப்பது கல்லின் பொறி அல்ல. கல் சீவியெடுக்கும் இரும்புத் துகள்தான் எரிகிறது. அதற்குக் கார்பன் மிகுந்த, கெட்டியான உருக்கு வேண்டும். பழைய அரம் சரி, எவர்சில்வர் கத்தி உதவாது. அந்தப் பொறிக்குச் சூடும் குறைவு. வெறும் நார் பற்றாது; டப்பாவில் மூடிக் கருக்கிய பருத்தித் துணி வேண்டும்.

ஆடிக்காற்று

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் வெட்டவெளியில் மூட்டாதீர்கள். காப்புக்காட்டில் எந்த மாதமும் கூடாது, சட்டப்படி குற்றம். மற்ற இடங்களில், ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் வந்த பிறகே ராடைக் கையில் எடுங்கள்.