சமையலறை குட்டி ஈ: படம் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?

வாழைப்பழத்தைச் சுற்றினால் பழ ஈ, மற்றதெல்லாம் கொசு. நம் வீடுகளில் கணக்கு இவ்வளவுதான். ஆனால் சமையலறை, குளியலறை, பூந்தொட்டி என்று மூன்று இடத்தில் பிடித்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

பறக்கும்போது படமெடுக்க மெனக்கெட வேண்டாம். ஒரு டப்பாவில் பிடித்து ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும், அப்புறம் கிராஃப் தாளில் கொட்டி (சின்னக் கட்டம் 1 மி.மீ., அளவும் தெரிந்துவிடும்) மொபைலில் மேக்ரோ லென்ஸ் மாட்டி மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று எடுங்கள். பக்கவாட்டுப் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் அது ஈதானா? இறக்கை ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ் இருந்தால் ஈ இனம். இரண்டு ஜோடி என்றால் குட்டிக் குளவியாக இருக்கலாம்.

பழ ஈ சுமார் 3 மி.மீ., மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்றில் கருப்புப் பட்டை, சிவப்புக் கண். கண்ணை மட்டும் நம்பாதீர்கள், செத்துக் காய்ந்தால் நிறம் மங்கும். அழுகிய பழத்துக்கு அதே அளவில் ஃபோரிட் ஈயும் வரும். அதைக் காட்டிக்கொடுப்பது பக்கவாட்டில் தெரியும் கூன் முதுகுதான். இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் தடித்த நரம்புகள், மற்றவை மெல்லிசு. விரட்டினால் உடனே பறக்காமல் மேடை மேல் விட்டுவிட்டு ஓடும்.

குளியலறைச் சுவரில் உட்காருவது வடிகால் ஈ; இதய வடிவ, ரோமம் அடர்ந்த இறக்கையோடு குட்டி அந்துப்பூச்சி மாதிரியே இருக்கும். தொட்டால் ரோமம் உதிர்ந்துவிடும், அதனால் இதை மட்டும் சுவரிலேயே படமெடுங்கள். பூந்தொட்டி ஈரமண்ணில் திரிவது கருப்பாக, ஒல்லியாக, நீண்ட உணர்கொம்போடு இருக்கும், இறக்கை நடுவில் நரம்பு ஒய் எழுத்து மாதிரி பிரிந்தால் அது பூஞ்சை ஈ.

மாம்பழத்தில் புழு வைக்கும் 'பழ ஈ' வேறு குடும்பம், கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு. பெயர்தான் குழப்பம்.

சரி, இனம் வரை போக முடியுமா? பெரும்பாலும் முடியாது. சமையலறைப் பழ ஈயிலேயே டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர், டிரோசோஃபிலா சிமுலன்ஸ் என்ற இரண்டு இனங்களைப் பிரிக்கவே ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பழ ஈயின் மொபைல் படத்துக்கு 'டிரோசோஃபிலா' என்று பேரினப் பெயரை மட்டும் எழுதி வைத்தாலே போதும்.