சுறா பாடம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கடல் பாடம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். சுறாவைப் பாலூட்டி என்று சொல்லிவிடுவது போன்றவற்றைப் பாடநூலே திருத்திவிடும். மற்றவற்றைப் பார்ப்போம்.

"சுறா போனால் எல்லாம் போகும்"

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். பலகையில் ஓர் உணவுச் சங்கிலி: மேலே சுறா, கீழே திருக்கை, அதற்கும் கீழே சிப்பி. சுறாவை அழித்துவிட்டு, "இனி திருக்கை பெருகும், சிப்பி தீர்ந்துவிடும்" என்று முடிப்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இப்படி வரைந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க அப்பா வலையில சுறாவும் குறைஞ்சிருச்சு, திருக்கையும் குறைஞ்சிருச்சே?" வரைந்தவரிடம் பதில் இல்லை. பிள்ளை கேட்டது சரி. ஒரே வலையில் இரண்டும் மாட்டுகின்றன. இரண்டுமே பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடுபவை.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2007இல் அமெரிக்கக் கிழக்குக் கரையைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பெரிய சுறாக்கள் குறைந்ததால் ஒருவகைத் திருக்கை பெருகி, வட கரோலினாவின் ஸ்காலப் சிப்பிகளைத் தின்று தீர்த்தது என்றது. அதே கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் திருக்கையைப் பிடித்துச் சாப்பிடுங்கள் என்று பிரசாரமே நடந்தது. அம்பெய்து கொல்லும் போட்டிகளும் நடந்தன. 2016இல் வேறு ஆய்வாளர்கள் தரவுகளை மறுபடி அலசினார்கள். அந்தத் திருக்கை பருவமடையவே ஏழெட்டு ஆண்டு ஆகும்; ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. அவ்வளவு வேகமாகப் பெருக வழியே இல்லை. சிப்பி சரிந்த காலமும் பொருந்தவில்லை. மறு ஆண்டு அந்த விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலம் போட்டிகளைத் தடுத்துச் சட்டம் போட்டது. அதற்குள் எத்தனையோ திருக்கைகள் செத்துவிட்டன. அதே சங்கிலியை இன்னும் வகுப்பில் வரைகிறோம்.

சரி, சுறாவின் பங்கை எப்படித்தான் சொல்வது? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். புலிச்சுறாக்கள் அதிகம் உலவும் காலத்தில் அங்குள்ள ஆவுளியாக்கள் (கடற்பசுக்கள்) மேயும் இடத்தையும் விதத்தையும் மாற்றிக்கொள்கின்றன. சுறா ஒன்றையும் கடிக்காமலேயே, அது அங்கே இருப்பதால் மட்டுமே, எந்தக் கடற்புல் மேயப்படும் என்பது மாறுகிறது. பாக் விரிகுடாவின் ஆவுளியாவைக் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். ஷார்க் விரிகுடாவில் கண்டது இது, எல்லாக் கடலிலும் இப்படியே நடக்கும் என்றில்லை. அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

"சுறா இல்லாவிட்டால் நமக்கு ஆக்சிஜன் இல்லை"

ஆதாரம் கிடையாது. சொல்லாதீர்கள்.

எல்லாச் சுறாவையும் ஒன்றாக்குவது

500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. திமிங்கலச் சுறா மிதவை உயிர்களை வடிகட்டித் தின்கிறது. பால் சுறாவோ பெரிய சுறாக்களுக்கே இரை.

வீட்டுச் சாப்பாட்டைக் குற்றமாக்குவது

பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வீட்டுப் பிள்ளையை வகுப்பில் கூனிக் குறுக வைக்காதீர்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் அதன் காதில் ஏறாது. 2001 முதல் திமிங்கலச் சுறாவுக்கு இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு, வலையில் சிக்கினால் விடுவிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தாத்தா காலத்தில் எந்தெந்தச் சுறா கரைக்கு வந்தது, இப்போது எது வருகிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். பாடத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.